காது வைத்த கல்

ஊர்காவற்றுறையில் என் தம்பியின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள் என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் வத்தைக்கார இலட்சுமணன்; தீவுக்குச் சாமான் ஏற்றிவரும் பாய்த்தோணி அவனுடையது. மண்ணெண்ணெய்த் தகரத்தை இறக்கி வைத்துவிட்டு, வெங்காய விலை சொல்வதுபோலச் சொன்னான். துறைமுகத்தடியில் பழைய பண்டசாலை ஒன்றைக் கூட்டித் துடைத்து, சண்டைக்குப் போன தீவுப் பெடியளின் படங்களையும் சண்டைச் சாமான்களையும் வைத்திருக்கிறார்களாம். அதில் எங்கள் நெடுந்தீவு அம்புறோசின் படமும் இருக்கிறதாம்.

அம்புறோஸ் எனக்கு ஒரே தம்பி. கொழும்புக்குப் போய்க் கப்பலில் நிலக்கரி அள்ளிப்போடுகிற வேலையில் சேர்ந்தான். நாற்பத்திரண்டாம் ஆண்டு அந்தக் கப்பலை யப்பான்காரன் குண்டு போட்டுத் தாட்டான். தம்பியின் உடம்பு வரவில்லை, பெட்டி வரவில்லை, ஒரு சட்டைகூட வரவில்லை. என்னிடம் அவனுடைய படம் ஒன்றும் கிடையாது. அவன் முகத்தை நினைவில் பிடித்து வைத்திருந்தேன், அதுவும் வரவர நழுவத் தொடங்கிவிட்டது. மூக்கு ஞாபகம் வந்தால் நெற்றி போய்விடும். இதை நினைத்தே சில நாட்களில் எனக்குச் சோறு இறங்காது.

என் புருசன் சந்தியோகு சுண்ணாம்பு சுடுகிறவர். கடலுக்குள் பவளமாக வளரும் முருகைக்கல்லை எடுத்து, உடைத்து, சூளையில் அடுக்கி எரித்து, தீவில் உள்ள கோயிலுக்கும் கிணற்றுக்கும் வீட்டுக்கும் கொடுப்போம். அப்போது சண்டை முடிந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. எங்கள் அந்தோனியார் கோயில் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, கொடியேறமுன் வெள்ளையடிக்க வேண்டும். சூளை பாதி அடுக்கிய நிலையில் இருந்தது.

"நீங்களும் வாங்கோவன்" என்று கேட்டேன்.

"சூளையை விட்டிட்டு வர ஏலாது. நீ போய்ப் பாத்திட்டு வா" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் அப்படிச் சும்மா கிடக்கிற வாய் இல்லை. கோயில் கல்லறைத் தோட்டமான சேமக்காலையில் தம்பிக்கு ஒரு கல் நட வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுவந்த கதையை அந்த விடியற்காலையில், வத்தை புறப்படுகிற நேரத்தில், மறுபடி எடுத்தேன்.

"உடம்பில்லாதவனுக்குக் கல்லென்னத்துக்கு? எதுக்கு மேலை நடுறது?" என்றார்.

அவர் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. சுண்ணாம்பு சுடுகிறவர் கல்லைப் பற்றிப் பேசினால் அப்படித்தான் பேசுவார். ஆனால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சூளையை அவர் அடுக்குவார், கொள்ளி வைப்பது நான். பொழுதுபடக் கோயில் மணி அடிக்கும்போது மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லி, காய்ந்த ஓலையைக் கொளுத்தி அடிவாயில் செருகுவேன். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அது என் வேலை. எனக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் விடும்வரை சூளை காத்திருக்கும்.

"எனக்காகக் காத்திராதேங்கோ. இண்டைக்கு நீங்களே கொளுத்துங்கோ" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன். திரும்பியும் பார்க்கவில்லை.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முதுகில் நின்று தள்ளியது. இலட்சுமணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, போகிற வழி முழுக்கச் சுக்கானோடு தன் பாட்டில் இருந்தான். வெயில் ஏறமுன் ஊர்காவற்றுறையில் இறங்கிவிட்டோம். ஊருக்குப் பங்கீட்டுக் கூப்பன் அரிசி ஏற்றிக்கொண்டு பின்னேரம் புறப்படுவதாகச் சொன்னான்.

பண்டசாலைக்குள் புகையிலை மணம் இன்னும் போகவில்லை. படங்கள் உள்ளே கடைசிச் சுவரில் வரிசையாகத் தொங்கின. வாசலில் நின்று பார்த்தால் முகங்கள் தெரியாது, கண்ணாடியின் வெளிச்சம்தான் தெரியும். அங்கே நேரே போயிருக்க வேண்டியவள் நான். கால் போகவில்லை. நான் நினைவில் வைத்திருந்த முகம் ஒன்றாகவும் படத்தில் இருக்கிற முகம் வேறொன்றாகவும் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம் வந்து பிடித்துக்கொண்டது. அதனால் மேசைகளில் இருந்த சாமான்களைப் பார்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

இரும்புத் தொப்பி, பன்றி மூஞ்சிபோல ஒரு நச்சுப்புகை மூடி, உடைந்த மிதப்பு வளையம், ஆகாயத்தில் இருந்து குதிக்கிறவர்கள் கட்டும் குடைத்துணி. துணி நல்ல பட்டு. இதை இங்கே சும்மா விரித்து வைத்திருக்கிறார்களே, கோயில் பீடத்துக்கு எத்தனை திரை தைக்கலாம் என்று எண்ணினேன். அந்த இடத்தில் அப்படி எண்ணியதற்காக உடனே வெட்கமும் பட்டேன்.

அந்த அறையைப் பார்த்துக்கொண்டவன் சில்வெஸ்ரர் என்ற பெடியன். பட்டாளத்தில் இருந்து வந்தவன், ஒரு காலை இழுத்து நடப்பான். நான் ஒரு கல் வைத்திருந்த மேசைமுன் நின்றபடியே நிற்பதைக் கண்டு பக்கத்தில் வந்தான்.

"பயப்பிடாமத் தொடுங்கோ அக்கா. உள்ளை இருந்ததை எடுத்துப்போட்டம்."

"எனக்கென்ன பயம்? முருகைக்கல்லுத்தானே" என்றேன்.

"கல்லில்லை அக்கா, குண்டு. ஏரோப்பிளேனில இருந்து விழுந்தது. வெடிக்காமக் கடலுக்கை கிடந்து முருகை மூடிப்போட்டுது. முதல்ல நாங்களும் கல்லெண்டுதான் நினைச்சம். உந்தக் காதைப் பாத்துத்தான் பிடிச்சது."

நீட்டுக்கல். ஒரு தலை கூம்பியிருந்தது. நடு முதுகில், முருகைக்கு வெளியே, துருப்பிடித்த ஒரு இரும்பு வளையம் காதுபோல நீட்டிக்கொண்டிருந்தது.

"உது பிளேனில கொழுவி வைக்கிற காது" என்றான் சில்வெஸ்ரர்.

போன கிழமை கல் எடுக்கப் போனபோது, வற்றுக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் அப்படி ஒரு கல்லைக் கண்டவள் நான். அதே நீட்டு, அதே கூம்பு, அதே காது. இலட்சுமணன் அன்று எங்களுக்கு உதவிக்கு வந்திருந்தான். "உது பழங்காலத்து நங்கூரக்கல்லு. எங்கடை பாட்டன்மார் கல்லிலதானே நங்கூரம் போட்டவை, கயிறு கட்டிற வளையம் தெரியுது பாருங்கோ" என்றான். எங்கள் தீவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வளையம் வைத்த கல்லை நங்கூரம் என்று நினைக்காமல் கடலோடிகள் வேறு என்னவென்று நினைப்பார்கள்? அந்தக் காதுக்குள் கயிறு கொழுவி முடிச்சுப் போட்டது நான். காவுதடியில் தூக்கி வந்தவர்கள் அவரும் இலட்சுமணனும்.

நல்ல கனமாக இருந்தபடியால் அவருக்குப் பெரிய சந்தோசம். பழைய, கனத்த கல்லைச் சூளையின் நடுவயிற்றில் வைப்பார். நெருப்பு கடைசிவரை அங்கேதான் நிற்கும், அங்கே வெந்த சுண்ணாம்புதான் பீடத்துக்கு வெள்ளையடிக்கப் போகும். எங்கள் வீட்டில் அதற்கு நெஞ்சுக்கல் என்று பெயர். இந்தமுறை நெஞ்சுக்கல் கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு இரண்டு கோப்பை கூழ் கூடக் குடித்தார்.

"தம்பி, உப்பிடி ஒண்டை நெருப்பில போட்டால்?" என்று கேட்டேன்.

சிரிக்கத் தொடங்கியவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "நெருப்பிலயும் போடக் கூடாது, மூக்கில தட்டவும் கூடாது. ரெண்டில ஒண்டு காணும் வெடிக்கிறதுக்கு. ஏன் அக்கா கேக்கிறியள்?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அவன் தந்தி அடிக்கலாம் என்றான். நெடுந்தீவுக்குத் தந்தியும் வத்தையில்தான் போக வேண்டும் என்றேன். நேவிக்காரருக்கு அறிவித்துக் கூட்டி வருவதாகவும், யாரையும் கிட்டப் போக விடவேண்டாம் என்றும் அவன் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாசலைத் தாண்டிவிட்டேன். தெருவில் பாதி தூரம் ஓடிய பிறகுதான் தம்பியின் படத்தைப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நின்றேன். ஒரு மூச்சு நேரம். பிறகு ஓடினேன்.

இலட்சுமணன் துறைமுகத் தேத்தண்ணிக் கடையில் இருந்தான்.

"வத்தையை எடு."

"அக்கா, அரிசி இன்னும் ஏத்தேல்லை. கூப்பன் அரிசி இல்லாமப் போனா ஊர் என்னை உரிச்சுப்போடும்."

"ஊர் இருந்தாத்தானே உரிக்கும்" என்றேன். பிறகு விசயத்தைச் சொன்னேன்.

அவன் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை. கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே எழும்பி நடந்தான். கடைக்காரன் கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. நங்கூரக்கல் என்று சொன்ன வாய் அவனுடையது. வத்தையில் ஏறிய பிறகுதான் கையில் கிளாஸ் இருப்பதைக் கண்டான்.

காலையில் முதுகில் நின்று தள்ளிய சோளகம் இப்போது முகத்தில் நின்று தள்ளியது. எதிர்க்காற்றில் நேரே போக முடியாது. பாயை ஒரு பக்கம் திருப்பிக் கொஞ்சத் தூரம், மறுபக்கம் திருப்பிக் கொஞ்சத் தூரம் என்று வளைந்து வளைந்துதான் போகவேண்டும். அனலைதீவு பக்கத்திலேயே நின்றது. எவ்வளவு ஓடினாலும் அந்தப் பனைகள் நகரவில்லை. நயினாதீவுப் பக்கம் வந்ததும் இலட்சுமணன் ஒரு கையை மட்டும் எடுத்து அந்தக் கோயில் அம்மாளாச்சியைக் கும்பிட்டான். நான் என்னுடைய அந்தோனியாரோடு கதைத்துக்கொண்டு வந்தேன். காணாமற் போனதைத் தேடித் தருகிறவர் என்று அவருக்குப் பெயர். இன்றைக்கு ஒரு பொருளைக் காணாமற் போகச் செய்யும், உம்மிடம் இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்று அவருக்குச் சொன்னேன்.

மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று வெயிலைப் பார்த்துப் பார்த்து மனத்தைத் தேற்றினேன். சந்தியோகு ஒழுங்கு தவறாத ஆள், மணிக்கு முன் கொளுத்தமாட்டார். நான் கோபத்தில் சொன்னதைக் கோபம் என்று அவருக்குத் தெரியாதா? ஒருவேளை எனக்காகக் காத்திருப்பார். ஆனால் என் சொல்லைக் கேட்டு நடக்கிறவர் அவர், அதுதான் அந்த நேரத்தில் எனக்கு வினையாகத் தெரிந்தது. வீட்டில் ஊர் உலகத்து ஆம்பிளையளைப்போலப் பெண்சாதி சொல் கேட்காத ஒரு மனிதன் எனக்கு வாய்த்திருக்கக் கூடாதா?

நெடுந்தீவு தெரிந்தது. தட்டையாக, பனைகளோடு. அதற்குமேல் புகையும் தெரிந்தது.

"ஆரும் ஓலை எரிக்கினம் போல" என்றான் இலட்சுமணன். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

சுண்ணாம்புச் சூளைப் புகை எனக்குத் தெரியாதா? ஓலைப்புகை சுருண்டு போய்விடும். சூளையின் முதற்புகை மஞ்சள் கலந்த வெள்ளையாக, ஈரத்தோடு, தூண்போல எழும்பும். மணி அடிக்கமுன்னமே கொளுத்திவிட்டார். அடிவாயில் வைத்த நெருப்பு பனங்குற்றிகளைப் பிடித்து நடுவயிற்றுக்கு ஏறப் பொழுது பட்டுவிடும். அதுவரைக்கும் நேரம் இருக்கிறது. காற்று இப்படி ஊதினால் இல்லை. இருக்கிறது, இல்லை, இருக்கிறது, இல்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒவ்வொரு முறை அலை வத்தையில் மோதும்போதும் அதுதான் அந்தச் சத்தம் என்று வத்தை விளிம்பைப் பிடித்தேன்.

தரை தட்டமுன் குதித்தேன். சீலை நனைந்து காலைச் சுற்றியது. அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்வேலிகளுக்கு இடையால் ஓடினேன். வெளியில் மேய்ந்த தீவுக் குதிரைகள் விலகி நின்று பார்த்தன. இலட்சுமணன் பின்னால் வீடு வீடாகச் சத்தம் போட்டு ஆட்களை மறுபக்கம் கலைத்துக்கொண்டு வந்தான்.

சூளையடியில் ஒருவரும் இல்லை. நெருப்பு நன்றாகப் பிடித்திருந்தது, உள்ளே கற்கள் வெடிக்கிற சின்னச் சின்னச் சத்தம். எந்தச் சூளையிலும் கேட்கிற சத்தம்தான். அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடினேன். அவருடைய தோள் துவாய் பனங்குற்றிமேல் கிடந்தது. ஆளைக் காணவில்லை. சூளைக்குப் பின்புறம் படுத்திருப்பார், கொளுத்திய களைப்பில் அங்கேதான் படுப்பார். சில்வெஸ்ரர் யாரையும் கிட்டப் போக விடவேண்டாம் என்று சொன்னது நினைவில் இருந்தது. இருந்தும் போனேன். வெக்கை முகத்தைச் சுட்டது. பின்புறம் சாம்பல் அள்ளுகிற பனையோலைக் கடகம் மட்டும் கிடந்தது.

"வந்திட்டியே?"

கோயில் பக்கத்து ஒழுங்கையால் அவர் வந்துகொண்டிருந்தார். கை இரண்டும் முழங்கை வரைக்கும் மண். முகத்தில் ஒரு சிரிப்பு, பிள்ளைகள் எதையோ ஒளித்து வைத்திருக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. நான் ஒன்றும் பேசாமல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு கல்வேலிக்கு அப்பால் கொண்டுபோய் இருத்திய பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"நெஞ்சுக்கல்லு. அந்த நங்கூரக்கல்லு. அது குண்டு. அம்புறோசின்ரை கப்பலுக்குப் போட்டது மாதிரிக் குண்டு. ஊர்காவற்றுறையில வைச்சிருக்கினம், கண்ணாலை பாத்தனான்."

"அதைச் சூளையில போடேல்லை" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவருடைய தோளில் இரண்டு கையாலும் குத்தினேன். போடவில்லை, போடவில்லை. இனி வாழ்நாளில் இந்த மனிதனோடு வாய் காட்டமாட்டேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அந்த முடிவு நெடுநேரம் நிற்கவில்லை.

"அப்ப எங்கை?"

"நீ காலமை கோவிச்சுக்கொண்டு போனாய். எனக்கு மனம் கேக்கேல்லை. கடலில செத்தவனுக்கு நங்கூரக்கல்லு பொருத்தமெண்டு நினைச்சன். சேமக்காலையில நட்டிருக்கிறன். மணி அடிக்கேக்கை அவனுக்குச் செபம் சொல்ல வேணுமெண்டுதான் சூளையை முன்னுக்கே கொளுத்தினனான். நீ வந்தா உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாமெண்டு…"

அவர் நிறுத்தினார். முகம் மாறியது.

"சின்னக்குட்டி அதில சிலுவை கொத்திறான்."

சின்னக்குட்டி எங்கள் ஊர்க் கொத்தன். நாங்கள் இரண்டு பேரும் பேச்சை விட்டுக் காது கொடுத்தோம். சோளகம் சேமக்காலைப் பக்கமிருந்து எங்களை நோக்கி வீசியது. அதில் கேட்டது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

ஓடினோம். அவர் "சின்னக்குட்டி" என்று கத்தினார். அவனுடைய உளிச் சத்தத்தை எங்களிடம் கொண்டுவந்த காற்று, எங்கள் சத்தத்தை அவனிடம் போகவிடாமல் பின்னால் அள்ளிக்கொண்டு போனது. நான் கத்தவில்லை, மூச்சு இல்லை. ஒவ்வொரு டொக்குக்கும் மூக்கில் தட்டக் கூடாது, மூக்கில் தட்டக் கூடாது என்று சில்வெஸ்ரரின் குரல்தான் உள்ளே கேட்டது.

சேமக்காலை வாசலில் நான் அவருடைய வாயைப் பொத்தினேன். இவ்வளவு கிட்ட வந்து கத்தினால் சின்னக்குட்டி திடுக்கிட்டுக் கை தவறினால் என்ன செய்வது?

கல் சுவரோரமாக, வடிவாக நின்றது. கூம்பிய மூக்குத் தலை மேலே, கனத்த பக்கம் மண்ணுக்குள். அடியில் இரண்டு மெழுகுதிரி, ஒரு சிரட்டையில் அலரிப்பூ. சின்னக்குட்டி முன்னால் குந்தியிருந்து சிலுவையின் நெடுங்கோட்டைக் கொத்தி முடித்திருந்தான். அந்தக் கோட்டுக்குள் கறுப்பாக இரும்பு தெரிந்தது. எங்களைக் கண்டதும் குறைப்பட்டான்.

"சந்தியோகு அண்ணை, உள்ளை ஏதோ இரும்பு கிடக்கு. உளி வழுக்குது. மேலை தலையில ரெண்டு போடு போட்டாத்தான் சரிவரும்போல."

சுத்தியலைத் தூக்கிவிட்டான்.

"சின்னக்குட்டி" என்றேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. "தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கிறன். ஆறமுதல் வந்து குடிச்சிட்டுப் போ."

அவன் யோசித்தான். சுத்தியல் மேலேயே நின்றது.

"இதை முடிச்சிட்டு வாறன் அக்கா."

"பனங்கட்டியும் இருக்கு."

கடவுளே, அந்த மனிதனுடைய பனங்கட்டி ஆசைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். சுத்தியலைக் கீழே வைத்தான். எறியவில்லை, வைத்தான். கையைத் தட்டிக்கொண்டு எழும்பி எங்களிடம் நடந்து வந்தான். அவர் அவன் தோளைச் சுற்றிக் கையைப் போட்டு வெளியே கொண்டுபோனார். நான் மட்டும் போய் அந்த இரண்டு மெழுகுதிரியையும் விரலால் நசுக்கி அணைத்தேன். அப்போது கோயில் மணி அடித்தது. அந்தக் கல்லுக்கு ஒரு முழம் தள்ளி நான் முழந்தாளில் விழுந்தேன். அம்புறோசின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வெளியே ஓடினேன்.

தேத்தண்ணியும் இல்லை, பனங்கட்டியும் இல்லை என்று தெரிந்தபோது சின்னக்குட்டிக்குக் கோபம் வந்தது. காரணம் தெரிந்த பிறகு இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான்.

சில்வெஸ்ரர் சொன்னபடி நேவிக்காரரோடு வந்தான். அவர்கள் கல்லைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி, படகில் கொண்டுபோய், தூரத்தே கற்பார் என்கிற ஒரு கடற்பாறைத் திட்டில் வைத்து வெடிக்க வைத்தார்கள். ஊர் முழுக்கக் கரையில் நின்றது. எல்லாரும் காதைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. அம்புறோஸ் கடைசியாகக் கேட்ட சத்தம் இதுதானே, அதை நான் பொத்தாமல் கேட்க வேண்டும் என்று நின்றேன். கேட்டேன். காலுக்குக் கீழே மணல் ஒருமுறை அசைந்தது. பிறகு செத்த மீன் வெள்ளையாக மிதந்து வந்தது. சனம் கடகங்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடியது.

"கறிக்கு ரெண்டு எடுக்கட்டே?" என்றார் சந்தியோகு.

நான் பார்த்த பார்வையில் எடுத்த கடகத்தைக் கீழே வைத்துவிட்டார்.

கோயிலுக்கு வெள்ளையடித்து, திருநாள் முடிந்து, கொடி இறங்கிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஊர்காவற்றுறைக்குப் போனோம். அடுத்த சூளைக்குக் கல் குவிந்து கிடந்தது. கிடக்கட்டும் என்று அவரே சொன்னார்.

இந்தமுறை நான் மேசைப் பக்கம் திரும்பவில்லை. நேரே கடைசிச் சுவருக்குப் போனேன். அம்புறோஸ் யாருடையதோ பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்து அதற்குள் தாண்டுபோக, சிரித்துக்கொண்டு நின்றான். மூக்கும் அவனுடையது, நெற்றியும் அவனுடையது. நான் ஒன்றையும் பிழையாக நினைவு வைத்திருக்கவில்லை. இவ்வளவு நாளும் இதற்கா பயந்தேன் என்று நினைக்கும்போது கண் மறைத்துவிட்டது.

படத்துக்குக் கீழே ஒரு சின்னப் பலகை அடித்து, அதில் உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் முருகை ஒட்டியிருந்தது. அதில் நேராக ஒரு கோடு.

"கற்பாரில பொறுக்கினது. உங்கடை கொத்தன் கொத்தின கோடுதான்" என்றான் சில்வெஸ்ரர். "அண்டைக்கு நீங்கள் படத்தைப் பாக்காம ஓடினியள். இதை வேறை எங்கை வைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

சந்தியோகு குனிந்து அதைப் பார்த்தார். அவர் என் தம்பிக்கு நட்ட கல்லில் மிஞ்சியது அவ்வளவுதான்.

"தம்பி, உதுக்குள்ளை இனி ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை அண்ணை. வெறும் தகடு."

அவர் சுண்ணாம்பில் வெந்த அந்த விரல்களை நீட்டி, கோட்டின்மேல் மெல்ல வைத்தார். ஒன்றும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நான் அவருடைய கையைப் பிடித்து எடுத்துவிட்டேன்.